ஆறாத வாய்ப்புண்: கண்ணாடி முன் நிற்பதிலிருந்து பயாப்சி ரிப்போர்ட் படிப்பது வரை

பெரியம்மாவின் பெயர் எழுதிய பாட்டில் என் மேஜைக்கு வந்தது 2019-இல், ஒரு செவ்வாய்க்கிழமை. சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்துக்கு அடியில் மிளகு அளவில் இரண்டு சதைத் துண்டுகள் கிடந்தன. மதுரையில் ஒரு பத்தாலஜி லேபில் 21 வருடமாகத் திசு வெட்டுகிற டெக்னீசியன் நான். அந்த இரண்டு துண்டையும் நானே மெழுகில் பதித்து, நானே வெட்டி, நானே சாயம் ஏற்றி டாக்டரிடம் கொடுத்தேன். வேறு யார் கையிலும் கொடுக்க மனசு வரவில்லை.

பெரியம்மாவின் இடது கன்னத்துக்கு உள்ளே புண் வந்தது அதற்கு நான்கு மாதம் முன்பு. கல்யாணமான வருடத்திலிருந்து வெற்றிலையும் பாக்கும், கூடவே ஒரு கிள்ளு புகையிலையும் அடக்கிவைத்திருந்த அதே இடம். திருப்பூரில் இருக்கும் அண்ணன் பதறிப்போய், யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு ரத்தப் பரிசோதனை மையத்தில் ‘கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்’ எடுக்கவைத்தார். ரத்தத்தில் பார்க்கும் நான்கு பொருள்கள் அதில் இருந்தன: சிஇஏ, ஏஎஃப்பி, சிஏ-125, சிஏ 19-9. எல்லாமே நார்மல். வீடு நிம்மதியானது, புண் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. ஒரு காதுகுத்து விசேஷத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோதுதான், சோற்று உருண்டை நுழையும் அளவுக்குக்கூட அவரால் வாயைத் திறக்க முடியவில்லை என்று பார்த்தேன். பந்தி முடிந்ததும் போன் டார்ச்சை அடித்துக் கன்னத்தைப் பார்த்தேன். மறுநாளே பயாப்சிக்கு, அதாவது புண்ணிலிருந்து ஒரு துண்டு சதை எடுத்துப் பார்க்க, கூட்டிப்போனோம்.

அந்த நான்கு மாதத்தை இன்னொரு வீடு இழக்கக் கூடாது. அதற்காகத்தான் எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன். நோய் இது என்று முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். அந்த முடிவுக்கு வழி விடுகிற வேலையில் நோயாளியும் வீட்டு ஆட்களும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் கண்ணால் பாருங்கள்

வாய்ப்புற்றுநோய்க்கு ஒரு தன்மை உண்டு. குடலிலோ கணையத்திலோ வருவதைப் போல அது ஒளிந்து வளர்வதில்லை. வெளிச்சம் அடித்தால் தெரியும் இடத்தில் வருகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், டாக்டர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயை வெறும் கண்ணால் பார்த்தார்கள். ஏறக்குறைய 1.9 லட்சம் பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். முடிவு 2005-இல் வந்தது: புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. அதைச் சாதித்தது வெளிச்சமும் கண்ணும்தான்.

வீட்டில் பார்ப்பது இப்படி. பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, போன் டார்ச்சைப் போட்டுக்கொள்ளுங்கள். உதட்டை வெளிப்பக்கமாகப் பிரித்து உள்பக்கத்தைப் பாருங்கள். கன்னத்தை விரலால் இழுத்து, பின்னால் கடைவாய்ப் பல் முடிகிற இடம் வரை பாருங்கள். ஈறு, அண்ணம் இரண்டையும் விடாதீர்கள். நாக்கின் நுனியைக் கைக்குட்டையால் பிடித்து இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை இழுத்து, அதன் ஓரங்களைப் பாருங்கள். நாக்கில் வருவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். அப்புறம் நாக்கை அண்ணத்தில் ஒட்டவைத்து அடித்தளத்தைப் பாருங்கள். பார்த்த இடத்தையெல்லாம் சுத்தமான விரலால் தடவியும் பாருங்கள். சாதாரணப் புண்ணின் ஓரம் மெத்தென்று இருக்கும். புற்றுப் புண்ணின் ஓரம் தடித்து, அடியில் கட்டையாக அகப்படும். கடைசியாகத் தாடைக்குக் கீழும் கழுத்தின் இரண்டு பக்கமும் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தடவுங்கள்.

எதைப் பார்த்தால் டாக்டரிடம் போக வேண்டும்? இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண். துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம். வெல்வெட் போலச் சிவந்த திட்டு, இது வெள்ளையைவிட ஆபத்தானது. காரணமில்லாமல் ஆடுகிற பல், பல் பிடுங்கிய பிறகு மூடாத குழி, உதட்டிலோ நாக்கிலோ மரத்துப்போன உணர்வு, ஒரு பக்கக் காதில் மட்டும் விடாத வலி. பாக்கு போடுகிறவர்களுக்கு இன்னொன்று: நடு மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் கன்னத்தின் உள்தோல் நாராக இறுகிக்கொண்டிருக்கலாம். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே இதைச் செய்யும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் பாக்கைத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியான முதல் வகையில் வைத்திருக்கிறது. ‘நான் பொயிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்’ என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வலி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. பெரியம்மா நான்கு மாதமும் திரும்பத் திரும்பச் சொன்னது, ‘வலியே இல்லடி, அது பாட்டுக்கு இருக்கு.’

நம் ஊரில் வாய்ப்புண் என்றாலே உடம்புச் சூடு என்பார்கள். மணத்தக்காளிக் கீரை, பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை, வாய்க்குத் தடவும் ஜெல் என்று போகும். கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் புண் வந்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். கூர்மையான பல் குத்தியதால் வந்தது என்று பல் டாக்டர் சொன்னால், பல்லை ராவிவிடட்டும், அதிலிருந்து இரண்டு வாரம் பாருங்கள். அதற்குள் ஆறாவிட்டால் பல் மேல் பழி போடுவதை விட்டுவிட்டு சதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தம் ஏன் சொல்லாது

உடம்பில் புற்றுநோய் இருப்பதையோ அதன் குணத்தையோ காட்டுகிற எந்த அடையாளப் பொருளும் மார்க்கர்தான். ரத்தத்தில் மிதக்கும் புரதமாக இருக்கலாம், செல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் புரதமாக இருக்கலாம், மரபணுவில் ஒரு மாற்றமாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. வாய்ப்புற்றுநோயை ஆரம்பத்திலேயே காட்டித்தரும் ரத்த மார்க்கர் இன்றைக்கு வழக்கமான மருத்துவத்தில் கிடையாது. பெரியம்மாவுக்கு எடுத்த நான்கில் ஒன்றுகூட வாய்க்கானது இல்லை.

மற்ற புற்றுநோய்களிலும் ரத்த மார்க்கரை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. சிஇஏ பெருங்குடல் புற்றுக்குச் சிகிச்சை முடிந்தவர்களைக் கண்காணிக்க நல்ல உதவி. ஆனால் புகைபிடிப்பவர்களுக்கு நோய் இல்லாமலே கொஞ்சம் கூடியிருக்கும். சிஏ 19-9 பித்தக் குழாய் அடைத்தாலே ஏறும். சிலருடைய உடம்பு பிறப்பிலிருந்தே அந்தப் பொருளை உண்டாக்காது, அவர்களுக்குக் கணையப் புற்று முற்றினாலும் ஏறாது. புராஸ்டேட் புற்றுக்குப் பார்க்கும் பிஎஸ்ஏ, அந்தச் சுரப்பி வெறுமனே வீங்கினாலும் சிறுநீர்த் தொற்று வந்தாலும் கூடும். ஏஎஃப்பி ஓரளவு விதிவிலக்கு. ஈரல் சுருங்கியவர்களுக்கு ஈரல் புற்று வருகிறதா என்று ஸ்கேனோடு சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

சிஏ-125 விஷயத்தில் என் கண் முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண். வயிற்றில் நீர், சிஏ-125 பல நூறு. சினைப்பைப் புற்று என்று வீடே இடிந்துபோயிருந்தது. வயிற்றுச் சவ்விலிருந்து எடுத்த துண்டை வெட்டிக் கொடுத்தேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, ‘இது காசநோய்’ என்றார். மாத்திரையிலேயே குணமாகிற நோய். நம் நாட்டில் காசநோய் இவ்வளவு இருக்கும்போது, சிஏ-125 எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் உயில் எழுத வேண்டாம். நார்மல் என்ற எண்ணைப் பார்த்து யாரும் நிம்மதியாகவும் வேண்டாம்.

எச்சிலில் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கிறார்கள். முயற்சி பல வருடமாக நடக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் வோங் குழுவினர், வாய்ப்புற்று உள்ளவர்களின் எச்சிலில் ஏழு ஆர்என்ஏக்கள் (செல் புரதம் செய்யப் படிக்கும் குறிப்புகள்) கூடியிருப்பதை 2004-இல் காட்டினார்கள். அதில் ஐஎல்-8 என்ற அழற்சிப் பொருளுக்கானதும் ஒன்று. சிக்கல் என்னவென்றால், ஈறு வீங்கிச் சீழ் வைத்தாலும் இப்படிப்பட்ட அழற்சிப் பொருள்கள் எச்சிலில் ஏறும். ஆராய்ச்சி நல்லபடி வளரட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. இன்றைக்கு உங்கள் புண்ணுக்குப் பதில் வேண்டும் என்றால் அது சதையில்தான் இருக்கிறது.

சதை எடுப்பதும் பாட்டிலைச் சுமப்பதும்

‘கத்தி பட்டா பரவிடும்’ என்ற பயத்தில் பயாப்சியைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. மரக்க ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில், முடிந்தால் பக்கத்து நல்ல தோலும் கொஞ்சம் சேர வருகிற மாதிரி ஒரு சின்னத் துண்டு எடுப்பார்கள். நடுப்பகுதி பல சமயம் அழுகிச் செத்துப்போயிருக்கும், அங்கே எடுத்தால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே சொல்லிவிடுங்கள். சந்தேகமான புண்ணை முதல் தடவையே முழுசாக வெட்டி எறிந்துவிட வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அங்கே ஆபரேஷன் செய்பவருக்கு அது எங்கே இருந்தது, எவ்வளவு பெரிசு என்பதே தெரியாமல் போய்விடும். சதை எடுப்பதற்கு முன் புண்ணை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மிகவும் உதவும்.

அடுத்தது எங்கள் லேபில் தினமும் நான் வருத்தப்படுகிற இடம். சின்ன ஊர்களில் பல் டாக்டர் சதையை எடுத்து, பாட்டிலில் போட்டு, வீட்டு ஆள் கையிலேயே கொடுத்துவிடுவார். மிட்டாய்க்கடைப் பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். அப்படி வந்த ஒரு பாட்டிலைத் திறந்தபோது உள்ளே இருந்தது சலைன், வெறும் உப்புத் தண்ணீர். எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சதை கூழாகி, செல்லின் உருவமே அழிந்துபோயிருந்தது. அந்த மனிதரைத் திரும்பப் போய் இன்னொரு துண்டு எடுத்துவரச் சொல்லும்படி ஆனது. அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் பாட்டில் உங்கள் கையில் வந்தால் கேளுங்கள்: ‘இது ஃபார்மலின்தானா?’ பத்து சதவீத ஃபார்மலின், சதையைப் போலப் பத்து மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சலைனோ ஸ்பிரிட்டோ கூடாது. பெயர், வயது, எந்த இடம், எந்தப் பக்கம் என்பதெல்லாம் மூடியில் அல்லாமல் பாட்டிலின் உடம்பில் எழுதியிருக்க வேண்டும். மூடிகள் மாறிப்போகும். ஃபிரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் செல் உடைந்துவிடும். சிந்துகிறது என்று திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். மூடியைத் திறந்து முகரவும் வேண்டாம், ஃபார்மலின் கெடுதலானது. டாக்டர் எழுதிய சீட்டில் பழக்கம் என்ன, எத்தனை வருடம், ஏற்கெனவே கதிர்வீச்சோ சிகிச்சையோ நடந்ததா என்பது இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவருக்கு அது பாதி வழிகாட்டி.

ஏன் இத்தனை நாள் என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். ஃபார்மலினில் சதை ஓர் இரவு ஊறி இறுக வேண்டும். பிறகு ஆல்கஹாலில் நீரை எடுத்து, சைலினில் ஆல்கஹாலை எடுத்து, உருகிய மெழுகை உள்ளே ஏற்றி பிளாக் ஆக்குவோம். அதை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவுவேன். தலைமுடியின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. சீவியது நாடாவாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் அதை மிதக்கவிட்டால் சுருக்கம் பிரிந்து வெங்காயத் தோல் போல விரியும், அப்போது கண்ணாடித் தகட்டில் ஏந்துவேன். சாயம் ஏற்றியதும் செல்லின் கரு நீலமாகவும் மற்றது ரோஸாகவும் மாறும். பெரியம்மாவின் ஸ்லைடில் ரோஸ் நிறத்தில் வட்டத்துக்குள் வட்டமாகச் சின்னச் சுழிகள் இருந்தன. கெரட்டின் முத்து என்று அதற்குப் பெயர். தோலின் மேலே இருக்க வேண்டியது ஆழத்தில் போய் உட்கார்ந்திருந்தது. டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. 

ரிப்போர்ட்டைப் படிப்பது

பயாப்சி ரிப்போர்ட்டில் ‘டிஸ்பிளேசியா’ என்றிருந்தால் அது இன்னும் புற்று ஆகவில்லை, செல்கள் ஒழுங்கு தவறத் தொடங்கியிருக்கின்றன. லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று மூன்று படி. எந்தப் படியானாலும் பழக்கத்தை அன்றே விட்டுவிட்டுத் தொடர்ந்து காட்ட வேண்டும். கடுமையானதை எடுத்துவிடச் சொல்வார்கள். ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்றால் புற்றுநோய். வாயில் வருவதில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். கூடவே வரும் ‘வெல்’, ‘மாடரேட்லி’, ‘பூர்லி டிஃபரன்ஷியேட்டட்’ என்பது செல்கள் தம் பழைய உருவத்தை எவ்வளவு தக்கவைத்திருக்கின்றன என்பதைச் சொல்கிறது. நோய் எந்த நிலை என்பது அது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் புற்று இல்லை என்று வந்து, புண் மட்டும் அப்படியே இருந்தால்? இன்னொரு தடவை எடுங்கள். எங்களுக்குத் தெரிவது அந்த மிளகளவு துண்டு மட்டும்தான், முழுப் புண்ணையும் நாங்கள் பார்க்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற ரிப்போர்ட் நீளமாக இருக்கும். அதில் முதலில் தேட வேண்டியது ‘டெப்த் ஆஃப் இன்வேஷன்’, புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற மில்லிமீட்டர் கணக்கு. 5, 10 என்ற இரண்டு எண்ணும் எல்லைக்கோடுகள். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் நிலை பிரிக்கும் முறையில் அகலத்தோடு ஆழமும் சேர்ந்துதான் நிலையை முடிவு செய்கிறது. அடுத்தது ‘மார்ஜின்’: வெட்டிய ஓரத்துக்கும் புற்றுக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் நல்ல சதை இருந்தால் நல்லது. பிறகு நரம்போரம் ஊர்ந்திருக்கிறதா, ரத்த, நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்ற இரண்டு வரிகள். கடைசியாகக் கழுத்து நெறிக்கட்டிகள்: எத்தனை எடுத்தார்கள், எத்தனையில் புற்று, அது கட்டியின் உறையை உடைத்து வெளியே வந்திருக்கிறதா. உறை உடைந்திருந்தால் கதிர்வீச்சோடு கீமோவும் சேர்ப்பது பற்றிப் பேசுவார்கள்.

கழுத்தில் கட்டியே தெரியாதபோது எதற்குக் கழுத்தையும் திறக்கிறார்கள் என்று அண்ணன் கோபப்பட்டார். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வுதான் அவருக்கு நான் சொன்ன பதில். ஆரம்ப நிலை வாய்ப்புற்றில் கழுத்து நெறிக்கட்டிகளை முதல் ஆபரேஷனிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். கட்டி தெரிந்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 சதவீதம். பெரியம்மாவின் கழுத்தில் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை, ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு நெறிக்கட்டியில் புற்று இருந்தது, உறை உடையவில்லை. ஆழம் 8 மில்லிமீட்டர். அவருக்குத் தாடை எலும்பும் கொஞ்சம் எடுத்திருந்ததால் முழு ரிப்போர்ட் வர அதிக நாளானது. எலும்பை ஆசிடில் ஊறவைத்து மிருதுவாக்கினால்தான் எங்களால் வெட்ட முடியும். அந்தத் தாமதத்துக்குப் பதறாதீர்கள்.

சதையில் பார்க்கும் மார்க்கர்கள்

மார்க்கர் என்ற சொல்லுக்கு உண்மையான மதிப்பு இங்கேதான். அதே மெழுகு பிளாக்கிலிருந்து இன்னும் சில சீவல்கள் எடுத்து, குறிப்பிட்ட புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்கிற சாயத்தை ஏற்றுவோம். அந்தப் புரதம் இருந்தால் பழுப்பு நிறம் தெரியும். மார்பகப் புற்றில் இஆர், பிஆர், ஹெர்2 என்ற மூன்று புரதங்களையும் பார்க்காமல் சிகிச்சை தொடங்கக் கூடாது. எந்த மருந்து வேலை செய்யும் என்பதையே அவைதான் சொல்கின்றன. ஹெர்2 ‘2+’ என்று வந்தால் அது முடிவில்லாத பதில், ஃபிஷ் என்ற அடுத்த பரிசோதனை வேண்டும்.

வாய், தொண்டைப் பகுதியில் அடிக்கடி கேட்பது பி16 என்ற புரதம். டான்சிலிலும் நாக்கின் அடிவேரிலும் வருகிற புற்றுக்கு இது அவசியம். ஹெச்பிவி என்ற வைரஸால் வந்ததா என்று காட்டும், அப்படி வந்தது சிகிச்சைக்கு நன்றாக வசப்படும். கன்னத்திலும் ஈறிலும் நாக்கின் முன்பகுதியிலும் வந்ததற்கு பி16 பார்த்து சிகிச்சை மாறுவதில்லை. யாராவது எழுதித் தந்தால் எதற்கு என்று தன்மையாகக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்னொன்று பிடி-எல்1 என்ற புரதம். நோய் திரும்ப வந்தாலோ பரவினாலோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி கொடுக்கலாமா என்று பார்க்க உதவுவது. முடிவு சிபிஎஸ் என்ற எண்ணாக வரும். 1-க்குக் கீழ், 1-க்கு மேல், 20-க்கு மேல் என்று பிரித்துப் பேசுவார்கள். மருந்து லட்சக்கணக்கில் ஆகும் என்று கேட்டதுமே எழுந்து போய்விடாதீர்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை மட்டும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்து, டாடா மெமோரியல் 2022-இல் நல்ல பலன் காட்டியிருக்கிறது. அந்த வழி உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் டாக்டரிடம் பெயர் சொல்லியே கேட்கலாம்.

இரண்டாவது கருத்து கேட்கப் போகிறீர்கள் என்றால் ரிப்போர்ட் காகிதம் போதாது. லேபில் எழுதிக் கொடுத்து ஸ்லைடும் பிளாக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது தவறில்லை, நாங்கள் தினமும் கொடுக்கிறோம். அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்ற இடத்துக்குப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பிளாக்கை வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகும். கையோடு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப்போங்கள், இதெல்லாம் முடிகிற வரைக்கும் அது தேவைப்படும்.

சிகிச்சை முடிந்த முதல் இரண்டு வருடம்தான் நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம். முதல் வருடம் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டச் சொல்வார்கள், ஒரு தடவைகூடத் தவறவிடாதீர்கள். இடையில் வீட்டிலும் பாருங்கள், ஒரு பக்கம் வந்தவர்களுக்கு மறுபக்கமும் வரலாம். பெரியம்மா இப்போது குழைந்த சோறும் ரசமும் சாப்பிடுகிறார், பேச்சு கொஞ்சம் குழறும். மாதம் முதல் ஞாயிறு நான் போவேன். சுருக்குப் பை இருந்த இடுப்பில் இப்போது ஒரு சின்ன டார்ச் இருக்கிறது, நான் கேட்பதற்கு முன்பே எடுத்துத் தருவார்.